மைதானம் இரண்டு ஏக்கர், நிழல் எவ்வளவு?

வாசகர் கேள்வி (2021 மார்ச் கடைசி, கொரோனா காலம்):

டாக்டரம்மாவுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். இருப்பது கேரளத்தில், பேச்சும் உறவும் தமிழில். மாரியம்மன் நோன்பையொட்டி ஒவ்வொரு சித்திரையிலும் கோயில் மைதானத்தில் ஐந்து நாள் சந்தை போடுவோம். அறுபது கடை, ராட்டினம், ராத்திரியில் கச்சேரி. பாதிக் கூட்டம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும். போன வருடம் கொரோனா ஊரடங்கில் நின்றுபோனது. இந்த வருடம் ஏப்ரல் 21 முதல் 25 வரை நடத்தலாம் என்று பேச்சு. நான் கமிட்டிச் செயலாளர். பெரியவர்கள், "திறந்தவெளிதானே, காத்தோட்டமா இருக்குது, கட்சிக்காரங்க கூட்டம் போடறாங்களே, அவங்களுக்கு மட்டும் வராதா?" என்கிறார்கள். நிறுத்தினால் அம்மனுக்குக் குத்தமாகிவிடும் என்றும் பேச்சு. ராட்டினக்காரர் அட்வான்ஸ் கேட்டு தினமும் போன் செய்கிறார். வீட்டில் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. நடத்தலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, ஒரே வார்த்தை என்றால், வேண்டாம். நோன்பை நடத்துங்கள், சந்தையைத் தள்ளி வையுங்கள்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் கமிட்டியில் கொண்டுபோய் வைத்தால் உங்களைப் பேச விடமாட்டார்கள் என்று தெரியும். முப்பது ஆண்டு பொது சுகாதாரத் துறையில் இருந்தவள் நான். எத்தனையோ விழாக் கமிட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் காரணங்களையும் எழுதுகிறேன். அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்திவலைகள் அடைத்த அறையில் தங்கிவிடும், வெட்டவெளியில் கலைந்துவிடும். இந்தக் கொரோனா வெளியில் பரவுவதைவிட உள்ளே பரவுவது பல மடங்கு அதிகம் என்பது இந்த ஓராண்டில் நன்றாகத் தெரிந்துவிட்டது. காலியான களத்துமேட்டில் நாலு பேர் ஆளுக்கு ஆறடி தள்ளி நின்று பேசினால் எனக்குக் கவலையே இல்லை. ஆனால் சந்தை என்பது களத்துமேடு இல்லை.

உங்கள் மைதானம் இரண்டு ஏக்கர் இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் பாலக்காட்டுப் பக்கம் நண்பகலில் அந்த இரண்டு ஏக்கரில் யார் நிற்பார்கள்? மொத்த ஜனமும் மரத்தடியில், கடைப் பந்தலுக்கு அடியில், சர்பத் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கி நிற்கும். வெயில் தாழ்ந்ததும் ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். ஆகவே கணக்குப் போடும்போது மைதானத்தை அளக்காதீர்கள். நிழலை அளங்கள், ராத்திரி ஏழு மணிக்கு மேடைக்கு முன்னால் இருக்கிற இடத்தை அளங்கள். பந்தலுக்கு மூன்று பக்கம் துணி கட்டிவிட்டால் அது அறைதான். பக்கத்தில் நிற்பவர் குடிக்கும் பீடிப் புகை உங்கள் மூக்குக்கு வருகிறதென்றால், அவர் விட்ட மூச்சும் வருகிறது.

இன்னொன்று, சந்தைக்கு வருகிறவர்கள் மைதானத்தில் முளைப்பதில்லை. எதிலோ ஏறி வருகிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் போன ஆண்டு என்னைத் தொடர்பறியும் வேலைக்கு, அதாவது நோய் வந்தவரோடு பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆவணியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காதுகுத்து. விருந்து தென்னந்தோப்பில். வரிசைக்கு வரிசை நல்ல இடைவெளி, வாசலில் கை கழுவத் தண்ணீர் என்று வீட்டுக்காரர்கள் பொறுப்பாகத்தான் செய்திருந்தார்கள். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கேசுகள் வந்தன. யார் யார் என்று எழுதிக்கொண்டே போனேன். அத்தனை பேரும் ஒரே வேனில் வந்த தாய்மாமன் வீட்டுச் சனம். அன்றைக்குத் தூறல் போட்டதால் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஒன்றே கால் மணி நேரம் பாட்டுப் போட்டு, சின்னதும் பெரியதும் கூடவே பாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தோப்பில் தனியாக வந்து சாப்பிட்டுப் போன யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த வேனில் வந்த ஒரு பாட்டி திரும்ப வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டுநருக்கு அன்று காலையில் தொண்டை கரகரப்பு இருந்ததாம். "குளிர்ந்த தண்ணி குடிச்சதுன்னு நெனச்சேம்மா" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

உங்கள் சந்தைக்கு இப்படி எத்தனை வேன், எத்தனை ஜீப் வரும்? தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. உங்கள் சித்தூர் தாலுகாவின் கள் ஊரறிந்தது. சந்தைக்கு வருகிற ஆண்களில் பலர் அப்படியே கள்ளுக்கடைக்கும் ஒரு நடை போய் வருவார்கள் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாழ்ந்த கூரை, நெருக்கமான பெஞ்சு, முகக்கவசம் இல்லை, சத்தமான பேச்சு. மைதானத்தில் நீங்கள் எவ்வளவு ஒழுங்கு செய்தாலும் இதெல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனால் அந்த ஜனத்தைக் கூட்டுவது நீங்கள்.

எனக்கு அதிகக் கவலை கடைக்காரர்களைப் பற்றித்தான். வளையல், பொம்மை, பொரி, பாத்திரம் விற்கிறவர்கள் ஒரு ஊரில் கடை போட்டுப் பிரித்து, லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் இறக்குவார்கள். ராத்திரி கடைக்குப் பின்னால் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, குடும்பத்தோடு ஐந்தாறு பேர் நெருக்கியடித்துப் படுப்பார்கள். சமையல், தண்ணீர் எல்லாம் பொது. ஒருவருக்குத் தொற்று இருந்தால் உங்கள் ஊரில் மூன்றாம் நாள் அது பக்கத்துக் கடைக்கு வரும். ஆறாம் நாள் அவர்கள் வேறு மாவட்டத்தில் இருப்பார்கள். போன ஆண்டு சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் இதைத்தான் பார்த்தோம். 2020 மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் சுமை தூக்குகிறவர்களும் சிறு வியாபாரிகளும் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று ஊருக்குப் போய்விட்டார்கள், நோயும் கூடவே போனது. அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரத்துப் பூந்துறையில் மீன் வியாபாரத்தோடு கரையோரக் கிராமங்களுக்குப் பரவியது. இங்கெல்லாம் கூரை இல்லாத இடம் நிறையவே இருந்தது.

"போன மாசம் பக்கத்து ஊரில் விசேஷம் நடந்துச்சு, ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகலையே" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்று வந்தவர்களையும் அவர்களோடு பழகிய ஐந்தே முக்கால் லட்சம் பேரையும் வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று, 2020 செப்டம்பரில் வெளியானது. தொற்று வந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர், கண்டறியப்பட்ட தங்கள் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடப் பரப்பவில்லை. ஆனால் வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்து புதிய தொற்றுகளில் 60 சதவீதம் வந்திருக்கிறது. அதாவது பத்து விசேஷத்தில் ஏழெட்டு ஒன்றுமில்லாமல் போய்விடலாம். மீதியில் ஒன்று ஊரையே படுக்க வைத்துவிடும். அந்த எட்டுப் பேரில் ஒருவர் எந்த ஊர்ச் சந்தைக்கு வருவார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பக்கத்து ஊருக்கு வரவில்லை என்பதால் உங்கள் ஊருக்கு வரமாட்டார் என்று ஆகாது.

இப்போது எல்லைக் கணக்கு. கேரளத்தில் தினசரி எண்ணிக்கை இறங்கிவருகிறது என்று உங்கள் பஞ்சாயத்து மெம்பர் சொல்வார். உண்மைதான். ஆனால் உங்கள் சந்தைக்குப் பாதிக் கூட்டம் தமிழ்நாட்டிலிருந்து. அங்கே மார்ச் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஐந்நூறுக்குப் பக்கம் இருந்தது, இந்த மாதக் கடைசியில் 2,000-ஐத் தாண்டிவிட்டது. நாடு முழுக்க பிப்ரவரி நடுவில் பத்தாயிரத்துக்குப் பக்கம் இருந்தது இப்போது 60,000-க்கு மேல். பாதிக்கும் மேல் மகாராஷ்டிரத்தில். அங்கே வைரஸில் புதிய உருமாற்றம் ஒன்று காணப்படுவதாக மத்திய சுகாதார அமைச்சகமே மார்ச் 24 அன்று சொல்லியிருக்கிறது. கேரளத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) டிசம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், இந்திய அளவில் 21 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. கேரளத்தில் 11.6 சதவீதம்தான். நன்றாகக் கட்டுப்படுத்தியதற்கு அது சான்று. அதே காரணத்தால், இன்னும் நோய் தொடாதவர்கள் அங்கேதான் அதிகம்.

எல்லையில் நோய் தாண்டுகிற வேகத்தில் தகவல் தாண்டுவதில்லை. அந்தக் காதுகுத்து வேனில் வந்த ஒருவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். பரிசோதனை முடிவு இங்கே வந்தது. அது அவருடைய ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவர் காய்கறி மண்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். உங்கள் சந்தைக்கு வருகிற பலர் செக்போஸ்ட் வழியாகக்கூட வரமாட்டார்கள். தோட்டத்து வழியில் வந்து, வாங்கிக்கொண்டு, அதே வழியில் போய்விடுவார்கள். யார் வந்தார் என்று எந்த ஏட்டிலும் இருக்காது.

கட்சிக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் செய்வதும் தவறுதான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். இரண்டு மாநிலத்திலும் ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அதுவரை கூட்டம் இருக்கும். தொற்றினால் காய்ச்சல் தெரிய ஐந்து நாள் போல ஆகும். அவரிடமிருந்து வீட்டில் இருப்பவருக்கு, அவரிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று அடுத்த சுற்றுகள் ஓட இன்னும் பத்து நாள். கூட்டிப் பார்த்தால் ஏப்ரல் 20-ஐ ஒட்டி வருகிறது. உங்கள் சந்தை 21. கட்சிக் கூட்டங்களில் விதைத்தது முளைத்து நிற்கும் வாரத்தில்தான் நீங்கள் ஊரைக் கூட்டப் போகிறீர்கள். "அவங்க நடத்தறாங்களே" என்பதே நீங்கள் நடத்தக் கூடாது என்பதற்கு முதல் காரணம்.

வாசலில் வெப்பமானி வைக்கிறோம், கிருமிநாசினி தெளிக்கிறோம் என்பார்கள். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் பரப்ப ஆரம்பித்துவிடுவார், அவரை அந்த வெப்பமானி காட்டிக்கொடுக்காது. மனிதர்கள் மேல் மருந்து தெளிப்பது கூடாது என்று மத்திய அரசு 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

அம்மனுக்குக் குத்தம் என்கிற பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் மாவிளக்கு எடுத்தவள்தான். காப்புக் கட்டிவிட்டால் ஊரெல்லை தாண்டிப்போய் ராத்தங்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம் இல்லையா? அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் உள்ளே வராமல் காத்தது யார் சொல்லிக் கொடுத்தது? அந்த அம்மனுக்கு நோன்பு எடுத்துக்கொண்டு, அதையொட்டி வெளியூர்க் கூட்டத்தைக் கூட்டுவதுதான் எனக்குப் பொருந்தாமல் தெரிகிறது. உங்கள் மாநிலத்திலேயே பாருங்கள். இந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயில் பொங்கலைப் பெண்கள் அவரவர் வீட்டு வாசலில் வைத்தார்கள். கோயிலில் பண்டார அடுப்பு எனும் கோயிலின் சொந்த அடுப்பு மட்டும் எரிந்தது. போன ஆண்டு திருச்சூர் பூரம் யானை ஊர்வலமும் வாணவேடிக்கையும் இல்லாமல் சடங்கோடு முடிந்தது. மதுரையில் அழகர் வைகையில் இறங்கவில்லை. கம்பம் நடுங்கள், பூசாரியும் முறைக்காரர்களும் செய்ய வேண்டியதைச் செய்யட்டும், மாவிளக்கை வீட்டிலேயே ஏற்றச் சொல்லுங்கள். சந்தை நாம் சேர்த்துக்கொண்டது.

சந்தைக்கும் திருவிழாவுக்கும் நோய்க்கும் உள்ள உறவு புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. காலரா கூட்டத்தோடு கூட்டமாக ஊர் ஊராய்ப் போன காலத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது அது.

இனி, எனக்கும் பதில் சொல்லக் கஷ்டமான இடம். கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஒரு சீசன் முழுதாகப் போய்விட்டது. கார்த்திகையில் ஒரு வளையல்கார அம்மா ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்திருந்தார். தோளில் இருந்த துணிப்பையில் போன வருடத்துச் சரக்கு, கண்ணாடி வளையல் டஜன் டஜனாகக் காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. "வட்டிக்கு வாங்கிப் போட்டது டாக்டரம்மா, உடையாம இருக்குதான்னு தினமும் எடுத்துப் பாக்கறேன்" என்றார். அவரிடம் "நோய் வரும், வியாபாரம் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டு நான் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கேட்கிறேன்: தலைக்கட்டு வரி வசூலித்திருப்பீர்கள், கச்சேரிக்கும் சீரியல் லைட்டுக்கும் ஒதுக்கிய தொகை அப்படியே இருக்கும். வருடா வருடம் உங்கள் ஊருக்கு வருகிற கடைக்காரர்களின் போன் எண் உங்களிடம் உண்டு. அந்தத் தொகையில் ஒரு பங்கை அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த சந்தைக்குத் தரை வாடகை வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். உள்ளூர் குடும்பஸ்ரீ சுய உதவிக் குழுப் பெண்களின் ஊறுகாய், முறுக்கு, தைத்த துணிக்கு வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து, உங்கள் பையன்கள் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எல்லாருக்கும் இது போதாது என்று எனக்குத் தெரியும். வெறுங்கையை விரிப்பதைவிட மேல்.

ராட்டினக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஆனால் இன்றே சொல்லிவிடுங்கள். அவர் லாரி வாடகை பேசி, ஆள் சேர்த்த பிறகு சொன்னால் அது பாவம்.

எப்போது நடத்தலாம் என்று கேட்பார்கள். "நிலைமை சரியானதும்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், ஆளுக்கொரு நிலைமை சொல்வார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்: பாலக்காடு, கோவை இரண்டு மாவட்டத்திலும் பரிசோதனை செய்தவர்களில் தொற்று உள்ளவர் இரண்டு வாரம் தொடர்ந்து நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு, நாமாக வைத்ததல்ல. சந்தைக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு எண் மீறியிருந்தால் விவாதம் இல்லாமல் தள்ளிவைப்பது என்றும் சேர்த்து எழுதுங்கள். முன்பணம் எதையும் அந்த நாளுக்கு முன்னால் கொடுக்கக் கூடாது. கையைவிட்டுப் பணம் போய்விட்டால் கமிட்டிக்காரர்கள் கண்ணுக்கு நோய் சின்னதாகத் தெரியும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தடுப்பூசிக் கணக்கையும் பாருங்கள். 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் 2021 ஏப்ரல் 1-லிருந்துதான் ஊசி. கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போடுவது நல்லது என்று மார்ச் 22-ல் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே போட்டவருக்கும் இரண்டாவது ஊசி மே பாதியில்தான், அது முழுசாய்க் காக்க இன்னும் இரண்டு வாரம். அதற்குள் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஆகவே இந்தச் சந்தையைத் தை மாதத்தோடு சேர்த்து யோசிப்பதுதான் நடைமுறை. வெயிலும் குறைவு, நிழலுக்கு ஒதுங்க வேண்டியதும் இல்லை.

இவ்வளவு சொல்லியும் கமிட்டி "நடத்தியே தீருவோம்" என்றால், பஞ்சாயத்தும் போலீசும் அனுமதி கொடுத்தாலும், உங்கள் கையெழுத்தைப் போடுவதற்கு முன் இதையாவது வாங்கிவிடுங்கள்: ஒரே நாள், காலை ஆறிலிருந்து பத்து வரை. மேடை இல்லை, கச்சேரி இல்லை, உட்கார்ந்து சாப்பிடும் கடை இல்லை. உள்ளூர்க் கடைகள் மட்டும், ஒற்றை வரிசையில், எதிரெதிராக இல்லாமல். நுழைய ஒரு வழி, வெளியேற வேறு வழி. கடைக்காரர் ஒவ்வொருவர் பெயரும் போனும் ஒரு நோட்டில், அதன் பிரதி எல்லைக்கு இரண்டு பக்கத்துச் சுகாதார நிலையத்திலும். அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும். இதுவும் ஆபத்தில்லாதது என்று நான் சொல்லவில்லை, குறைவானது, அவ்வளவே.

கடைசியாக, அம்மாவைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள், ஊசி போட்டாச்சா என்று எழுதவில்லை. அறுபது தாண்டியவர்களுக்கு மார்ச் 1-லிருந்தே போடுகிறார்கள். சர்க்கரை இருப்பதால் தள்ளிப்போட வேண்டியதில்லை, அதனாலேயே முந்திப் போட வேண்டும். ஆதார் அட்டையும் சர்க்கரை மாத்திரைச் சீட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள், இட்லி சாப்பிட்டுவிட்டு வரட்டும். போகும்போது பைக்கில் போங்கள், ஷேர் ஜீப் வேண்டாம்.